பதினேழாம் அடிக்குறிப்பு

இணையக் கட்டுரை ஒன்றை எப்படி மேற்கோள் காட்டுவது என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லித் தந்துவிடலாம். எழுதியவர் பெயர், தலைப்பு, தளத்தின் பெயர், முகவரி, நீங்கள் அதைப் பார்வையிட்ட திகதி. காற்புள்ளி எங்கே, முற்றுப்புள்ளி எங்கே என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். இந்த வேலையில் நான் ஒருபோதும் பிழை விட்டதில்லை. என் உத்தியோக வாழ்க்கையில் நான் மிகவும் வெட்கப்படும் காரியமும் இந்த முறைப்படியே, ஒரு புள்ளி பிசகாமல், அச்சில் இருக்கிறது. ஆய்வு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அதைச் சொல்கிறேன்.

ஆய்வுக்கு வருமுன் நான் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழுக்குத் திருகோணமலை நிருபராக இருந்தேன். யுத்தகாலத்தில் செய்தி எழுதிய எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தகவல் தந்தவரின் பெயரை எழுதமாட்டோம். ‘என்று தெரியவருகிறது’ என வசனத்தை முடிப்போம். பெயர் வெளியே வந்தால் அந்த மனிதருக்கு என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சொல் பலரைக் காப்பாற்றியது. காப்பாற்றப்பட்டவர்களில் நிருபரும் ஒருவர் என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. யார் சொன்னார் என்று எழுதவேண்டியதில்லை என்றால், சொன்னவருக்கு அது உண்மையில் தெரிந்திருக்குமா என்று யோசிக்கவும் வேண்டியதில்லை.

அப்படி எழுதிய செய்திகளில் ஒன்று, இலங்கைத்துறைக்கு அப்பால் கரையோரம் இருந்த ஒரு சிறு மீனவக் குடியிருப்பைப் பற்றியது. அதன் பெயரை இங்கே தவிர்க்கிறேன். கடும் காற்றில் அங்கே சில வள்ளங்கள் உடைந்திருந்தன. மூதூருக்குப் போகும் லோஞ்ச் படகு அன்று ஓடவில்லை. தரைவழியும் மூடியிருந்தது. நான்கு மணிக்குள் கொழும்புக்குச் செய்தி சொல்லவேண்டும். அந்தக் கரையில் மீன் வாங்கும் பட்டணத்து வியாபாரி ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் வள்ளங்களைப் பற்றிச் சொன்னார். கூடவே, அங்கே இருப்பவர்கள் பருவத்துக்கு வந்து தொழில் செய்துவிட்டுப் போகிறவர்கள், அந்தோனியார் கோயிலடியில் பத்துப் பதினைந்து வாடிகள், வேறொன்றும் இல்லை என்றார். வாடி என்பது மீன்பிடிக் காலத்துக்கு மட்டும் கரையில் போடும் ஓலைக்கொட்டில்.

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. மீன் வாங்கும் மாதங்களில் மட்டும் அங்கே போய்வருகிறவர், மற்ற மாதங்களில் அங்கே யார் இருக்கிறார்கள் என்று அறியமாட்டார். நான் அதைக் கேட்கவும் இல்லை. ‘பருவகால மீனவர்கள் என்று தெரியவருகிறது’ என்று எழுதினேன். ஆறு வரிச் செய்தி. மறுநாள் வெளிவந்தது, அதற்கடுத்த நாள் நான் அதை மறந்துவிட்டேன்.

பல ஆண்டுகள் கழிந்தன. சமாதானக் காலம் என்று நாங்கள் சொல்லிக்கொண்ட சில வருடங்களும் முடிந்து, மறுபடி ஷெல் விழத் தொடங்கியது. அந்தக் கரை அடங்கிய ஈச்சிலம்பற்றுப் பக்கத்துச் சனங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு இடம்பெயர்ந்தார்கள். நான் அப்போது பத்திரிகையை விட்டு, திருகோணமலைப் பட்டணத்து ஓர்ஸ் ஹில்லில் ஒரு சிறிய ஆய்வு நிலையத்தில் சேர்ந்திருந்தேன். இடம்பெயர்ந்த ஒன்பது கரையோர ஊர்களைப் பற்றி நாங்கள் ஒரு நூல் தயாரித்தோம். எந்த ஊரில் யார், எவ்வளவு காலமாக, என்ன தொழிலோடு இருந்தார்கள் என்ற விபரங்கள் அதில் இருந்தன. திரும்பிப் போகும் நாள் வரும்போது, ‘நீங்கள் அங்கே இருந்ததற்கு என்ன ஆதாரம்’ என்று யாராவது கேட்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அந்தக் கேள்விக்குப் பதிலாகவே அந்த நூலை எழுதினோம்.

கையெழுத்துப் பிரதியை வாசித்த வெளி மதிப்பீட்டாளர் ஒரு வசனத்தின் அருகே ‘ஆதாரம்?’ என்று எழுதி அனுப்பினார். அந்தச் சிறு குடியிருப்பைப் பற்றிய வசனம் அது. புனித அந்தோனியார் சிற்றாலயத்தை அண்டிய அவ்விடத்தில் நிரந்தரக் குடிகள் இருக்கவில்லை, பருவகால வாடிகளே இருந்தன என்று எழுதியிருந்தேன். மற்ற எட்டு ஊர்ச் சனங்களையும் முகாம்களில் தேடிப் போய்க் கதைத்தோம். இந்த ஒன்றுக்கு மட்டும் போகவில்லை. இது எனக்கு ஏற்கெனவே தெரிந்த விசயமாக இருந்தது. எப்படித் தெரியும் என்று நான் என்னைக் கேட்கவில்லை.

அச்சகத்துக்குக் கொடுக்க இரண்டு நாள் இருந்தது. நிலையத்தின் பொறுப்பாளர் என் வயதுக்காரர். ஒரு கூட்டத்துக்குப் போகிற அவசரத்தில் வாசலில் நின்றபடி, இணையத்தில் ஏதாவது இருக்கும், பார்த்து ஒன்றைப் போட்டுவிடுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் காலத்து இணையம் தொலைபேசிக் கம்பியில் வரும். ஒரு பக்கம் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். அரை நாள் தேடியதில் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை அகப்பட்டது. வெளிநாட்டிலிருந்து நடத்தப்பட்ட தளம். கிழக்குக் கரையின் மீன்பிடியைப் பற்றிய நீண்ட, ஒழுங்கான கட்டுரை. புனித அந்தோனியார் சிற்றாலயமும் பருவகால வாடிகளும் அதில் இருந்தன. எனக்கு ஏற்பட்ட நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது. நான் நினைத்தது சரி, இன்னொருவரும் அதையே சொல்கிறார். பதினேழாம் அடிக்குறிப்பாக அதைப் போட்டேன். பக்கம் ஒருநாள் மறைந்துபோகலாம் என்று அச்செடுத்து அலுமாரியில் வைத்தேன். அந்தக் கவனத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஏற்கெனவே எழுதிவிட்ட வசனத்துக்கு ஒரு துணையைத்தான் அந்த அரை நாளில் தேடினேன். அப்படித் தேடினால் துணை எப்போதும் கிடைக்கும். வசனத்தை வெட்டிவிடலாம் என்ற யோசனை அந்த இரண்டு நாளில் ஒரு தரமும் எனக்கு வரவில்லை.

நூல் வெளிவந்து சில மாதங்களில், ஈச்சிலம்பற்றுப் பகுதிக்குத் திரும்பிப் போகிறவர்களின் பட்டியல் தயாராகத் தொடங்கியது. ஒரு முற்பகல் எங்கள் நிலையத்துக்கு ஒரு பெண் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவரைப் பிலோமினா என்று சொல்கிறேன். அது நான் வைத்த பெயர். பட்டணத்தை அடுத்த அன்புவழிபுரத்தில் உறவினர் ஒருவருடைய வளவில் தகரக்கொட்டில் போட்டு, கணவரோடும் இரண்டு மகள்மாரோடும் இருந்தார். கதிரையைக் காட்டினேன், அமரவில்லை. கையிலிருந்த போட்டோக்கொப்பித் தாளை மேசையில் விரித்தார். எங்கள் நூலின் ஒரு பக்கம். ஒரு வசனத்தின் கீழே சிவப்புக் கோடு.

அவர்களுடைய குடியிருப்பின் இருபத்தொரு குடும்பங்களும் பட்டியலில் இல்லை என்றார். காணிக் கடதாசிகள் ஓடிவந்தபோது தொலைந்துவிட்டன. பட்டியல் தயாரிக்கும் அரசாங்க அலுவலகத்தில் கேட்டதற்கு, நிரந்தரமாக இருந்ததற்கு ஆதாரம் இல்லை, இருக்கவில்லை என்பதற்குத்தான் ஆதாரம் இருக்கிறது என்று இந்தத் தாளைக் கொடுத்தார்களாம். படித்த ஆட்கள் எழுதியது என்றும் சொன்னார்களாம்.

"மிஸ், இதை எழுதினது ஆர்?"

நான்தான் என்றேன்.

"எங்கட ஊருக்கு நீங்கள் எப்ப வந்தனீங்கள்?"

வரவில்லை என்று சொல்லியிருக்கவேண்டும். நான் தாளின் அடிப்பக்கத்தைக் காட்டினேன். இது என் சொந்தக் கருத்து இல்லை, ஒரு கட்டுரையிலிருந்து எடுத்தது, இதுதான் இலக்கம், இதுதான் முகவரி என்று விளங்கப்படுத்தினேன். அவர் குனிந்து பார்த்தார். ஆங்கில எழுத்துகளும் சாய்கோடுகளுமாக இரண்டு வரி.

"அப்ப, அதை எழுதின ஆக்கள் எப்ப வந்தவை?"

நான் அந்த இரண்டு வரியையே மறுபடி பார்த்தேன். அவரே தொடர்ந்தார்.

"வாடிக்காரரும் இருந்தவைதான், மிஸ். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. சோளகக் காத்துக்கு வந்து, மாரி வாடைக்காத்துத் தொடங்கப் போற ஆக்கள். அவை இருந்தது தெற்குப் பக்கம். எங்களுக்குக் கல்வீடு, கிணறு, எல்லாம் இருந்தது. மாரியில மீன் கரையை விட்டுப் போகும். நாங்கள் எங்க போறது? மீனுக்குப் பின்னாலயோ?" பிறகு தாளைத் திருப்பி ஒரு சொல்லில் விரலை வைத்தார். "மற்றது, எங்கட கோயில் செபஸ்தியார் கோயில். எந்த விசரன் உங்களுக்கு அந்தோனியார் எண்டு சொன்னது?"

பத்து நாளில் பட்டியல் முடிவாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனபின் அலுமாரியிலிருந்து அச்செடுத்த கட்டுரையை எடுத்தேன். அந்தோனியார் என்ற பெயர் என்னை உறுத்தியது. அந்தப் பெயரை நான் வேறெங்கோ எழுதியிருக்கிறேன். வீட்டுக்குப் போய், பழைய பத்திரிகை நறுக்குகளை ஒட்டிவைத்த கொப்பிகளைத் தேடினேன். மூன்றாவது கொப்பியில் அந்த ஆறு வரி இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே அந்தோனியார். அதே பத்துப் பதினைந்து வாடிகள். கட்டுரையின் கடைசியில் சிறிய எழுத்தில், உள்ளூர்ப் பத்திரிகைச் செய்திகளைக் கொண்டு எழுதப்பட்டது என்று ஒரு வரி. அச்செடுத்த அன்றும் அந்த வரி அங்கேதான் இருந்திருக்கிறது.

உண்மையான ஒரு தகவலைப் பத்துப் பேர் தனித்தனியாகக் கண்டு எழுதலாம். ஒரே பிழையை இரண்டு பேர் தனித்தனியாகக் கண்டுபிடிக்கமாட்டார்கள். ஒருவர் மற்றவரிடமிருந்து எடுத்திருக்கிறார் என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை. நான் என்னையே சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தேன். சாட்சி ஆங்கிலத்தில் பேசியதால் ஆளை அடையாளம் தெரியவில்லை.

அடுத்த நாள் காலை பொறுப்பாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. நீண்ட நேரம் நறுக்கையும் கட்டுரையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இந்தப் புத்தகத்தை வைச்சுத்தான் மற்ற எட்டு ஊரும் போகப்போகுது. ஒரு குறிப்புப் பொய்யெண்டு நாங்களே சொன்னால், மிச்சமும் பொய்யெண்டு சொல்ல அலுவலகக்காரருக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்? அடுத்த பதிப்பில திருத்துவம்."

அந்தப் பயம் நியாயமான பயம். அதனால்தான் அதன் பின்னால் ஒளிந்துகொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது. ஒன்றும் செய்யாமல் விடவும் மனம் கேட்கவில்லை. அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதன் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. ‘மேற்படி குடியிருப்புத் தொடர்பான தகவல் மீளாய்வுக்குரியதாக இருக்கலாம்.’ என்ன பிழை, யாருடைய பிழை, எப்படித் தெரியும் என்று ஒன்றும் இல்லை. நிலையத்தின் முத்திரை இருந்தது. என் கையொப்பம் இருக்கவில்லை. கடிதத்தைத் தபாலில் போட்டதும் என் பங்கு முடிந்ததுபோல மற்ற வேலைகளைப் பார்க்கத் தொடங்கினேன்.

பட்டியல் வந்தது. இருபத்தொரு குடும்பங்களும் அதில் இல்லை. மற்ற ஊர்க்காரர் பஸ்களில் ஏறிப் போனார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பிலோமினா வந்தார். இந்தமுறை கதிரையில் இருந்தார்.

"பஸ் போயிட்டுது, மிஸ். நீங்கள் காயிதம் போட்டதாம் எண்டு பட்டியல் கந்தோரில சொன்னவை. இருக்கலாம் எண்டு எழுதியிருக்காம். இருக்கலாமெண்டால் என்ன? நாங்கள் இருந்தனாங்களோ, இல்லையோ?"

அப்போது சொன்னேன். வியாபாரிக்கு எடுத்த தொலைபேசி, ஆறு வரிச் செய்தி, அதை எடுத்து எழுதிய தளம், அதை எடுத்து எழுதிய நான்.

"அப்ப அந்த வெளிநாட்டுக்காரரும் நீங்கள்தானோ?"

ஓம் என்றேன். அவர் சிரித்தார். நான் பார்த்த சிரிப்புகளில் அதை மறக்க ஏலாது.

பிறகு, முதலிலேயே கேட்டிருக்கவேண்டியதை அவரிடம் கேட்டேன். மாரிகாலத்திலும் நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள் என்று காட்டுவதற்கு எங்கேயாவது எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? அவர் அதிகம் யோசிக்கவில்லை.

"மார்கழியில பிறந்த பிள்ளையளுக்கு அங்கதானே ஞானஸ்நானம் குடுத்தது. என்ர மூத்தவளுக்கும் அப்படித்தான். பங்குச் சுவாமி இடுப்பளவு தண்ணிக்குள்ளால வந்தவர். புத்தகத்தில ஊர்ப்பெயரும் போட்டு எழுதினவர்."

அந்தப் புத்தகம் இப்போது எங்கே என்று கேட்டேன். பட்டணத்துப் பங்குமனையில் இருக்கிறது, மகளுக்குச் சான்றிதழ் எடுக்க அங்கேதான் போனதாகச் சொன்னார். அந்தப் பங்குமனை என் மேசையிலிருந்து பத்து நிமிட நடை.

நடந்தே போனோம். பங்குமனையில் இருந்த எழுதுவினைஞர் இரண்டு பெரிய புத்தகங்களை எடுத்து வைத்தார். பிறந்த திகதி, ஞானஸ்நானம் கொடுத்த திகதி, பெற்றோர், இடம். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில், வாடிக்காரர் ஒருவரும் அந்தக் கரையில் நிற்காத மாதங்களில், அந்தச் சின்னக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் பெயர்கள் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. நான் புத்தக இலக்கம், பக்கம், பதிவு இலக்கம் என்று எழுதிக்கொண்டு போனேன். பிலோமினா விரலால் தடவித் தடவி வாசித்தார். இது என்ர மச்சாள், இவன் இப்ப கனடாவில, இந்தப் பிள்ளை தவறிப்போச்சு. இடம் என்ற நிரலில் ஒவ்வொரு வரியிலும் அவருடைய ஊரின் பெயர் இருந்தது. மேலே, செபஸ்தியார் சிற்றாலயம் என்று தலைப்பு.

மறுநாள் இருவரும் அலுவலகத்துக்குப் போனோம். அலுவலர் மரியாதையாகவே நடந்துகொண்டார். பதிவேட்டின் பிரதிகளைப் பார்த்துவிட்டு, அப்படியானால் உங்கள் புத்தகத்தில் இப்படி ஏன் இருக்கிறது என்று கேட்டார். அந்தக் குறிப்பின் மூலம் நான்தான், நான் அங்கே போனதே இல்லை என்றேன். மற்றக் குறிப்புகள் எப்படி என்று கேட்டார். மற்ற எட்டு ஊர்ச் சனங்களோடும் நேரில் கதைத்தோம், அவற்றுக்கு நான் பொறுப்பு, இதற்கும் நான்தான் பொறுப்பு என்றேன்.

"இதை எழுத்தில தருவீங்களோ? உங்கட பெயர், விலாசத்தோட?"

அந்த நாட்களில் எங்கள் ஊரில் ஒருவரும் பெயரையும் விலாசத்தையும் சும்மா எழுதிக் கொடுப்பதில்லை. யாருடைய கோப்பில் எங்கே போகும் என்று தெரியாது. பேனையின் மூடியைத் திறந்து சற்று நேரம் வைத்திருந்தேன். பிலோமினா சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என் பக்கம் திரும்பாமல் இருந்தது எனக்கு உதவியாக இருந்தது. எழுதினேன். ஒன்றரைப் பக்கம். ‘இருக்கலாம்’ என்று ஓரிடத்திலும் எழுதவில்லை.

பொறுப்பாளர் பயந்ததுபோல ஒன்றும் நடக்கவில்லை. மற்ற எட்டு ஊர்களைப் பற்றி ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. இருபத்தொரு குடும்பங்களும் இரண்டாவது பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆனால் அந்தப் பட்டியல் வர ஐந்து மாதம் எடுத்தது. முதலில் போனவர்கள் அந்த வருடத்து மீன்பிடிப் பருவத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இவர்களுக்கு அது முழுவதும் போயிற்று. ஆளில்லாமல் கிடந்த வீடுகளின் ஓடும் கதவுநிலையும் அந்த ஐந்து மாதத்தில் கழற்றப்பட்டுவிட்டன என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தக் கரைக்குப் போய் நான் அதைப் பார்க்கவில்லை. ஆகவே அதைக் கேள்விப்பட்டது என்றே எழுதுகிறேன்.

அந்த இணையத்தளத்துக்கும் எழுதினேன். பதில் வரவில்லை. கட்டுரை நெடுங்காலம் அங்கேயே இருந்தது. அதை ஆதாரமாகக் காட்டிய வேறு கட்டுரைகளையும் பார்த்திருக்கிறேன். எல்லாம் முறைப்படி இருந்தன. நீங்களும் இப்படியொரு கட்டுரையைக் காண்பீர்கள். முகவரியை எழுதிக்கொள்ளுமுன், அது எங்கிருந்து எடுத்தது என்று பாருங்கள். பிறகு அந்த இடத்துக்கும் போங்கள். கண்ணால் கண்ட ஓர் ஆள் வரும்வரை போங்கள். வராவிட்டால் வசனத்தை வெட்டுங்கள்.

அவர்கள் புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் அன்புவழிபுரத்துக்குப் போனேன். பிலோமினா சட்டிபானைகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். நூலின் இரண்டாம் பதிப்பு வரப்போகிறது, அந்தக் குறிப்பை மாற்றுகிறேன், பதிவேட்டைப் பற்றிச் சொன்னவர் என்று உங்கள் பெயரைப் போடலாமா, இல்லை பாதுகாப்புக்காக ஒரு பெண் என்று மட்டும் எழுதவா என்று கேட்டேன்.

"முதல் பேப்பரில பிழையா எழுதேக்க உங்கட பெயர் இருந்ததோ?"

"இல்லை."

"இந்தப் புத்தகத்தில, கீழ இருக்கிற அந்தக் குறிப்பில?"

"இல்லை. அந்தத் தளத்தின்ர பெயர்தான்."

அவர் சாக்கின் வாயை இழுத்துக் கட்டினார்.

"அப்ப முதல் உங்கட பெயரைப் போடுங்கோ. பிறகு என்ர பெயரைப் பற்றிக் கதைப்பம்."

இரண்டாம் பதிப்பில் அந்தக் குறிப்பு ஐந்து வரி. அந்த இடத்துக்குப் போகாமலே எழுதியவர் என்று முதல் வரியில் என் பெயர் இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயர் அதில் இல்லை. பிறகு கதைப்போம் என்று சொன்னவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லி அனுப்பவில்லை. நானும் இரண்டாம் தரம் கேட்கவில்லை.